கண்டி டவுனில் எந்த வண்டியில் ஏறுவது?



தோட்டத்திலிருந்து கண்டிக்குப் போகாத குடும்பம் ஒன்று உண்டா? கிளினிக்குக்குப் போகிறோம். பிள்ளைக்குச் சான்றிதழ் எடுக்கப் போகிறோம். தொழில் அலுவலகத்துக்கு, வங்கிக்கு, தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோம். தோட்டத்திலிருந்து டவுன் வரை பஸ் இருக்கிறது. அதன் கட்டணமும் நமக்குத் தெரியும். பஸ்சை விட்டு இறங்கிய பிறகுதான் தடுமாற்றம் ஆரம்பிக்கிறது. எந்த ஆட்டோவில் ஏறுவது? எவ்வளவு கேட்பார்கள்? போனில் வண்டி கூப்பிடலாம் என்கிறார்களே, அதை நம்பலாமா? இந்த இதழின் பாடம் இதைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு குடும்பத்தின் கதையைப் பார்ப்போம். செல்லம்மா அக்கா என்று ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். பெயர் கற்பனைதான். ஆனால் இப்படி நடப்பது கற்பனையல்ல.

செல்லம்மா அக்கா போன பயணம்

செல்லம்மா அக்காவின் வீடு புசல்லாவைப் பக்கத் தோட்டம் ஒன்றின் மேல் லயத்தில். பேரப்பிள்ளைக்கு நெஞ்சுச் சளி குறையவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு எழுதிக் கொடுத்து, சிறுவர் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். மகளுக்கு அன்றைக்குப் பேர் போட வேண்டும் என்பதால், பாட்டியே பிள்ளையைத் தூக்கிக் கொண்டு விடிய முன்னே புறப்பட்டார். கம்பளை வழியாகப் பஸ் கண்டிக்கு வந்தது. டவுனில் இறங்கியதும் நாலு பேர் சூழ்ந்து கொண்டார்கள்.

“எங்கம்மா போகணும்?”

“பெரியாஸ்பத்திரிக்குங்க.”

“ஏறுங்க, ஏறுங்க.”

கட்டணம் கேட்கவில்லை. கேட்க வெட்கம், பிள்ளை அழுகிறான் என்ற அவசரம். இறங்கும்போது சாரதி சொன்ன தொகையைக் கொடுத்தார். உள்ளே போய்த் துண்டைக் காட்டினால், “இது இங்க இல்ல பாட்டி, பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரி” என்றார்கள். மறுபடி ஆட்டோ, மறுபடி கேட்காமல் ஏறினார், மறுபடி சொன்ன தொகை. கிளினிக் நம்பர் கடைசியில்தான் கிடைத்தது. வீடு திரும்பும்போது மகளின் ஒரு நாள் பேர்க் காசு முழுவதும் ஆட்டோவுக்கே போயிருந்தது.

இதில் அந்தப் பாட்டிக்குத் தெரியாமல் போன ஒரு விஷயம் உண்டு. கம்பளையிலிருந்து வரும் பஸ் பேராதனையைத் தாண்டித்தான் கண்டிக்கு வருகிறது. பேராதனையிலேயே இறங்கியிருந்தால் இரண்டு ஆட்டோவும் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே முதல் பாடம் வண்டியைப் பற்றியதல்ல, இடத்தைப் பற்றியது.

இடத்தின் பெயரைச் சரியாகத் தெரிந்து கொள்ளுங்கள்

கண்டிப் பகுதியில் நாம் “பெரியாஸ்பத்திரி” என்று சொல்வது பல இடங்களாக இருக்கலாம். கண்டி தேசிய வைத்தியசாலை டவுனிலேயே இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை, நடக்க முடிந்தவர்கள் நடந்தே போகலாம். பேராதனைப் போதனா வைத்தியசாலை பேராதனையில் இருக்கிறது. சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும், பல் வைத்தியசாலையும் பேராதனைப் பக்கம்தான். டவுனிலிருந்து பேராதனைக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர்.

நாவலப்பிட்டி, கம்பளை, புசல்லாவைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும், ஹிந்தகல வழியாகக் கலஹாவிலிருந்து வருகிறவர்களும் பேராதனையைத் தொட்டுத்தான் கண்டிக்கு வருகிறார்கள். பேராதனை ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்கள் கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லி அங்கேயே இறங்க வேண்டும். வத்துகாமம், பன்விலை, மடுல்கலைப் பக்கத்தவர்களும் தெல்தெனியா, ரங்கலைப் பக்கத்தவர்களும் மறுபக்கத்தால் டவுனுக்குள் வருகிறார்கள். அவர்கள் டவுனில் இறங்கிப் பேராதனைப் பஸ் ஒன்றைப் பிடிக்கலாம். டவுனுக்கும் பேராதனைக்கும் இடையே பஸ்களுக்குக் குறைவில்லை.

குட்ஷெட், மணிக்கூட்டுக் கோபுரம், போகம்பறை என்று கண்டியில் பஸ் நிற்கும் இடங்களும் பல. குட்ஷெட் பக்கத்துப் புதிய பஸ் நிலைய வேலை காரணமாகப் பஸ்கள் நிற்கும் இடங்கள் மாறியிருக்கின்றன. போகும்போது இறங்கிய இடத்தில்தான் திரும்பும் பஸ்சும் நிற்கும் என்று நினைக்காதீர்கள். இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோ

நம் நாட்டில் ஆட்டோ அன்றிலிருந்தே இருந்த வண்டியல்ல. ஒரு காலத்தில் டாக்சி என்றால் மொறிஸ் மைனர் போன்ற சின்னக் கார்தான். 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோதுதான் இந்தியாவிலிருந்து பஜாஜ் முச்சக்கர வண்டிகள் வந்து பெருகின. இன்று தோட்டத்து இளைஞர் பலருக்கும் அதுவே பிழைப்பு.

“டாக்சி” என்ற சொல்லே மீட்டரிலிருந்து வந்ததுதான். 1891 இல் ஜெர்மன்காரரான புருன் என்பவர், வண்டி ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் காட்டும் கருவியைச் செய்தார். அதன் பெயர் டாக்சிமீட்டர். அந்தப் பெயரின் முன்பாதியே வண்டிக்குப் பெயராகி விட்டது. ஏறியவருக்கும் ஓட்டுகிறவருக்கும் சண்டை வரக்கூடாது என்பதற்காக வந்த கருவி அது. ஆனாலும் சண்டை தீரவில்லை. சென்னையில் 2013 இல் தமிழ்நாடு அரசு ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீற்றருக்கு 25 இந்திய ரூபா, அதற்குமேல் கிலோமீற்றருக்கு 12 ரூபா என்று நிர்ணயித்தது. எரிபொருள் விலை ஏறியும் கட்டணம் அப்படியே கிடந்ததால், காலம் போகப் போக மீட்டரை மூடி வைத்து மறுபடி பேரம் பேசத் தொடங்கினார்கள்.

நம் நாட்டில் கொழும்பு அடங்கிய மேல் மாகாணத்தில் மீட்டர் ஆட்டோக்கள் அதிகம். கண்டியில் பேசித் தீர்க்கும் வழக்கமே அதிகம். பேசுவதில் வெட்கம் வேண்டாம். நாம் மரக்கறிக் கடையில் விலை கேட்காமல் வாங்குகிறோமா?

கேட்கும் முறை இது:

“அண்ணே, பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எவ்வளவு? மொத்தமா சொல்லுங்க.”

சிங்களம் பேசும் சாரதியானால், “இஸ்பிரிதாலெட்ட யன்ன கீயத?” என்று கேளுங்கள். மீட்டர் இருந்தால், “மீட்டரே தாலா யமு” என்று சொல்லுங்கள். கூடுதலாகத் தோன்றினால் கோபப்பட வேண்டாம். “சரிங்க, பார்க்கிறேன்” என்று நாலு அடி தள்ளிப் போய் இன்னொருவரைக் கேளுங்கள்.

ஏறுமுன் கேட்டால் அது கூலி. இறங்கிய பின் கேட்டால் அது தண்டம்.

ஸ்டாண்ட் ஆட்டோவில் நன்மையும் உண்டு. ஸ்மார்ட் போன் வேண்டாம், டேட்டா வேண்டாம். கூப்பிட்டவுடன் வண்டி. சந்து பொந்தெல்லாம் அந்தச் சாரதிக்குத் தெரியும். லண்டன் நகரத்தில் கறுப்பு டாக்சி ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுத வேண்டும் என்பது 1865 முதல் உள்ள வழக்கம். நம் ஸ்டாண்ட் சாரதிகள் பரீட்சை எழுதவில்லை. ஆனால் எந்த வாசலில் இறக்கினால் கிளினிக் கிட்ட என்பது பழகியவருக்குத் தெரியும்.

போனில் கூப்பிடும் வண்டி

இது புதிய முறை. ஊபர் என்ற நிறுவனம் 2009 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் தொடங்கியது. இலங்கையில் 2015 இல் பிக்மீ என்ற நம் நாட்டு நிறுவனம் கொழும்பில் சேவையை ஆரம்பித்தது. அதே ஆண்டு ஊபரும் கொழும்புக்கு வந்தது. பிறகு இரண்டும் கண்டிக்கும் வந்தன. ஆட்டோ, சின்னக் கார், பெரிய கார் என்று வேண்டியதைத் தெரிவு செய்யலாம்.

வேலை செய்யும் விதம் எளிது. ஸ்மார்ட் போனில் அந்த ஆப்பை இறக்கி, நம் போன் நம்பரைப் பதிவு செய்ய வேண்டும். நாம் நிற்கும் இடத்தைப் போன் தானே கண்டுபிடிக்கும். போகும் இடத்தை நாம் எழுத வேண்டும். உடனே ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்று திரையில் வரும். சரி என்றால் அழுத்தலாம். பக்கத்தில் உள்ள ஒரு சாரதி ஏற்றுக் கொண்டால் அவர் பெயர், படம், வண்டி நம்பர் எல்லாம் வரும். இறங்கும்போது காசாகவே கொடுக்கலாம், வங்கி அட்டை கட்டாயமில்லை.

பெரிய நன்மை, ஏறுமுன்னே விலை தெரிவது. பேரம் பேச வேண்டாம். சிங்களம் சரளமாக வராதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வண்டியில் எதையாவது மறந்துவிட்டாலும் எந்தச் சாரதியோடு போனோம் என்பது போனில் பதிவாக இருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும்.

ஒன்று, விலை எப்போதும் ஒன்றாக இராது. மழை கொட்டும்போது, பள்ளிக்கூடம் விடும்போது, வண்டி கேட்பவர்கள் கூடும்போது அதே தூரத்துக்குக் கூடுதலாகக் காட்டும். அவசரமில்லை என்றால் அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள், இறங்கிவிடும்.

இரண்டு, ஏற்றுக் கொண்ட சாரதி போன் எடுத்து, “எங்க போறது? கார்டா காசா?” என்று கேட்டுவிட்டு வராமல் விடுவதும் உண்டு. சிலர், “ஆப்பை கேன்சல் பண்ணுங்க, அதே காசுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்பார்கள். சம்மதிக்காதீர்கள். கேன்சல் செய்தவுடன் பதிவும் இல்லை, பேசிய விலைக்குச் சாட்சியும் இல்லை.

மூன்று, தோட்டத்துக்குள் இது அநேகமாக உதவாது. மலையில் சிக்னல் இருக்காது, வண்டியும் பக்கத்தில் இருக்காது. இது டவுனுக்கான வசதி.

நான்கு, ஸ்டாண்ட் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும் இடத்திலேயே போன் வண்டியை வரச் சொன்னால் சாரதிகளுக்குள் வாய்த்தகராறு வரலாம். கொஞ்சம் தள்ளி ஒரு கடை வாசலில் நின்று கூப்பிடுங்கள்.

கணக்குப் பார்ப்போம்

இதோ ஒரு பயிற்சிக் கணக்கு. இதில் உள்ள எண்கள் பழகுவதற்கு மட்டுமே. உண்மைக் கட்டணம் எரிபொருள் விலையோடு மாறும்.

முதல் கிலோமீற்றருக்கு 100 ரூபா, அதன்பின் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 80 ரூபா என்று வைப்போம். போக வேண்டிய தூரம் 6 கிலோமீற்றர்.

முதல் கிலோமீற்றர்: 100
மீதி 5 கிலோமீற்றர்: 5 × 80 = 400
நெரிசலில் நின்ற 10 நிமிடத்துக்கு, நிமிடத்துக்கு 4 ரூபா வீதம்: 40
மொத்தம்: 540 ரூபா

இதே தூரத்துக்கு ஸ்டாண்டில் 800 கேட்டால் 260 ரூபா கூடுதல். மழையில் ஆப் 750 காட்டினால் அதுவும் 210 கூடுதல்தான். ஆகவே “ஆப் என்றால் எப்போதும் மலிவு” என்பதும் தவறு, “ஸ்டாண்ட் என்றால் எப்போதும் ஏமாற்று” என்பதும் தவறு. இரண்டையும் கேட்டுப் பார்ப்பவர்தான் மிச்சம் பிடிப்பார். போனில் விலையை மட்டும் பார்த்துவிட்டு, அதை மனதில் வைத்து ஸ்டாண்டில் பேசலாம். அதற்குக் காசில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதே நாளில் அதே கிளினிக்குக்குப் போகிற மூன்று பேர் சேர்ந்து போனால், 540 ஐ மூன்றாகப் பிரித்து ஆளுக்கு 180 ரூபாதான். பிரட்டுக்களத்தில் முதல் நாளே, “நாளைக்கு யார் கிளினிக்குப் போறது?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் ஓர் ஆட்டோவில் பின்னால் மூன்று பேருக்கு மேல் ஏறக்கூடாது. காசு மிச்சம் பிடிக்கப் போய் உயிரைக் கொடுக்க வேண்டாம்.

எதற்கு எது பொருத்தம்?

அவசரமில்லாத பயணம், கையில் சுமை இல்லை: பஸ்தான் என்றைக்கும் மலிவு.

டவுனுக்குள் தெரியாத இடம், நோயாளி கூட, ஸ்மார்ட் போன் உள்ள பிள்ளையும் கூட: போன் வண்டி நல்லது.

டவுனுக்குள் கிட்டிய இடம், போன் இல்லை: ஸ்டாண்ட் ஆட்டோ, விலை பேசிய பிறகு.

கடைசிப் பஸ்சும் போய்விட்டது, தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும்: நம் தோட்டத்து ஆட்டோத் தம்பிதான் உதவுவார். மலைப் பாதை தெரிந்தவர், வீட்டு வாசல் வரை வருவார். திரும்பி வெறும் வண்டியாக வர வேண்டியிருக்காது என்பதால் விலையும் நியாயமாக இருக்கும். காலையிலேயே அவரைப் பேசி வைக்கும்போது, “போக, வர, அங்க நிக்கிற நேரத்துக்கும் சேர்த்து எவ்வளவு தம்பி?” என்று கேளுங்கள். நிற்கிற நேரத்தைப் பேசாமல் விடுவதால்தான் பின்னால் மனக்கசப்பு வருகிறது.

நெஞ்சுவலி, பிரசவ வலி, விபத்து, மூச்சுத் திணறல்: இதற்கு ஆட்டோ தேடி நிற்காதீர்கள். 1990 என்ற நம்பருக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதுக்கும் விரிந்தது. முற்றிலும் இலவசம். பயிற்சி பெற்றவர் கூடவே வருவார். தோட்டத்தின் பெயர், டிவிசன், வண்டி வந்து சேரக்கூடிய ரோட்டுச் சந்தி ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஓர் ஆளை டோர்ச்சோடு சந்தியில் நிறுத்துங்கள். தோட்டத்து வைத்திய உத்தியோகத்தருக்கும் மருத்துவிச்சிக்கும் உடனே தெரிவியுங்கள்.

ஆடி, ஆவணியில் கண்டிப் பெரஹரா நாட்களில் டவுனின் வீதிகள் மூடப்படும். அந்த நாட்களில் எந்த வண்டியும் சுற்றித்தான் போகும், விலையும் ஏறும். கிளினிக் இருந்தால் காலையிலேயே போய்த் திரும்பி விடுங்கள்.

பெண்களும் பிள்ளைகளும் தனியாகப் போகும்போது

ஏறுமுன் வண்டி நம்பரைப் பாருங்கள். போன் வண்டியானால் திரையில் உள்ள நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா, படத்தில் உள்ளவர்தான் ஓட்டுகிறாரா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். வேறாக இருந்தால் ஏற வேண்டாம். ஆப்பில் பயணத்தை வீட்டாருக்கு அனுப்பும் வசதி உண்டு. சாதாரண போனானாலும் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, “அம்மா, ஆட்டோவில ஏறிட்டேன், நம்பர் இதுதான்” என்று சாரதி காதில் விழச் சொல்லுங்கள். அதுவே பாதிப் பாதுகாப்பு. போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை, யார் என்ன காரணம் சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆபத்து என்றால் பொலிஸ் நம்பர் 119.

சாரதியும் ஒரு தொழிலாளிதான்

ஒன்றை மறக்கக்கூடாது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபாவானது. சாரதிகள் இரவு பகலாகப் பெற்றோல் வரிசையில் கிடந்தார்கள். 2022 ஜூலையில் கியூஆர் அட்டை வந்து, வாரத்துக்கு இத்தனை லீற்றர்தான் என்றானது. அந்த முறை 2023 இல் நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்தில் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டுக் கூலி வேலைக்குப் போனவர்களும் உண்டு. இன்றும் பலர் லீசிங் தவணை கட்டித்தான் ஓட்டுகிறார்கள். போன் வண்டியானால் ஒவ்வொரு ஓட்டத்திலும் நிறுவனத்துக்கு ஒரு பங்கு போகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளே அந்த ஹாண்டிலைப் பிடித்திருக்கிறார்கள். ஆகவே நியாயமான கூலியைக் குறைக்கப் பார்க்க வேண்டாம், நியாயமில்லாததைக் கொடுக்கவும் வேண்டாம்.

செல்லம்மா அக்கா அடுத்த மாதக் கிளினிக்குக்குப் போனபோது என்ன நடந்தது என்று பார்ப்போமா? துண்டில் இருந்த ஆஸ்பத்திரிப் பெயரைப் பள்ளிக்கூடம் போகும் பேத்தியிடம் கொடுத்துத் தமிழில் பெரிதாக எழுதி வாங்கிக் கொண்டார். கண்டக்டரிடம், “பேராதனையில எறக்கி விடுங்க தம்பி” என்றார். இறங்கியதும் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

“எங்கம்மா, ஏறுங்க.”

“ஏறுறது இருக்கட்டும். சிறுவர் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், எவ்வளவு காசு, அதச் சொல்லுங்க மொதல்ல.”

சாரதி சிரித்துவிட்டு, “கிட்டத்தான் பாட்டி, நடந்தே போகலாம்” என்று வழியைக் காட்டினாராம்.

வீட்டில் சேர்ந்து பேச

1. உங்கள் தோட்டத்திலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் எந்தெந்த ஊர்களைத் தாண்டிப் போகிறது? பேராதனைக்குப் போவதானால் எங்கே இறங்க வேண்டும்?

2. முதல் கிலோமீற்றர் 100 ரூபா, அதன்பின் 80 ரூபா வீதம் என்றால் 4 கிலோமீற்றருக்கு எவ்வளவு? பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

3. உங்கள் டிவிசனுக்கு அம்பியூலன்ஸ் வருவதானால் எந்தச் சந்தி வரை வரலாம்? அந்தச் சந்தியின் பெயர் வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியுமா?

4. தோட்டத்தில் ஆட்டோ ஓட்டும் இரண்டு பேரின் போன் நம்பரையும், 1990 ஐயும், 119 ஐயும் ஒரு காகிதத்தில் எழுதி, லயத்துச் சுவரில் பாட்டிக்கும் தெரியும் உயரத்தில் ஒட்டி வையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.